நீர்ப்பாறையில் மணி அடித்த பூ

1926ஆம் ஆண்டு, தெல்தோட்டைக்கு மேலேயுள்ள நீர்ப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பூ மணி அடிக்கத் தொடங்கியது. அதனால் அந்த வருடம் கொழுந்து குறைந்தது. துரை முதலில் பழி போட்டது கறுப்பையாவின் மேல். ஸ்டோர் என்று எல்லாரும் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில், வேலை விடும் மணியை அடிக்கிற ஆள் அவர்தான். நாலு மணிக்குக் கேட்க வேண்டிய மணி சில நாள் மூன்றுக்கே கேட்டது, சில நாள் இன்னும் முந்தி. கேட்டதும் பெண்கள் கூடையோடு இறங்கிவிட்டார்கள். மணி அடித்த பிறகும் மலையில் நிற்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா?

"யார் மணி அடிச்சது?" என்று துரை தனக்குத் தெரிந்த தமிழில் கத்தினார்.

"பூவுங்க தொரே," என்றார் கங்காணி இராமகிருஷ்ணன். வாய் கூசாமல் பொய் சொல்லுகிற மனிதர்தான். அன்றைக்குச் சொன்னது மட்டும் உண்மை.

தோட்டத்துக்கு மேலே செங்குத்தாக நிற்கும் பாறையின் வெடிப்பில் அது இருந்தது. விறகு பொறுக்கப் போன பாலம்மாதான் முதலில் கண்டாள்: ஒரு சாண் செடி, நூல் போன்ற காம்பு, நுனியில் தலைகவிழ்ந்த ஒரேயொரு நீல மணி. கண்டியிலிருந்து செடிகொடி படித்த ஒருவர் வந்து, கயிறு கட்டி ஏறிப் பார்த்து, இந்தச் சாதிப் பூ இந்தத் தீவிலேயே அருமை என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நின்ற நேரம் அது அடிக்கவில்லை. ஒருத்திக்குக் காய்ச்சல் ஏறும்போது, ஒருத்திக்கு இடுப்பு விட்டுப்போகும்போது, மலையில் யாரோ ஒருத்திக்கு இனி முடியாது என்கிற நேரத்தில்தான் அடிக்கும். பெண்களுக்கு இது சீக்கிரமே தெரிந்துபோனது. துரைக்குச் சொல்லவில்லை, சொன்னாலும் அவருக்கு ஏறியிருக்காது.

இன்னொரு தரம் மணி முந்தினால் கறுப்பையாவுக்குப் பத்துச்சீட்டைக் கொடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவதாகத் துரை சொன்னார். அப்போது கறுப்பையாவின் மனைவி, மலையில் கொழுந்து எடுக்கிற சுப்பம்மாவுக்கு ஏழாவது மாதம். வெகுகாலம் கழித்துத் தங்கிய பிள்ளை. லயத்துக் காம்பரா என்கிற அந்த ஓர் அறையும் போனால் அவளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவர் பயந்தார். பயம் மட்டும்தான் என்று எழுதினால் அது முழு உண்மை ஆகாது. தன் மணியை விட்டுச் சனமெல்லாம் ஒரு பூவுக்குக் காது கொடுப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

ஆவணியில் ஒரு நாள் காலையில் பாறையில் ஏறிச் செடியை வேரோடு பிடுங்கினார். காம்பு முறிந்த இடத்திலிருந்து கையெல்லாம் பால். ஓடையில் கழுவினார், போகவில்லை. அன்று நாலு மணிக்கு ஸ்டோர் மணியை அடித்தார், சத்தம் கேட்கவில்லை. பாறைக் காற்றில் தன் காதுதான் அடைத்துப்போயிற்று என்று நினைத்து, மீதியையும் அடித்து முடித்து, வீட்டுக்கு வந்து, மனைவி வருவாள் என்று தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினார்.

மேலே மழை பிடித்துக்கொண்டது. மணி அடிக்காமல் ஒருத்தியும் இறங்கக் கூடாது என்றார் கங்காணி. பெண்கள் நின்றார்கள். மசண்டை கட்டி இருட்டிய பிறகு நாலு பேர் சுப்பம்மாவைப் படங்குச் சாக்கில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிள்ளை ஆண். அழவில்லை. மூன்றாம் நாள் அவளுக்குப் பால் மட்டும் வந்தது.

அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "ஒங்க மணிய நம்பித்தாங்க நின்னேன்," என்று ஒரே ஒரு தரம் சொன்னாள்.

அன்றிலிருந்து கறுப்பையா அடித்த மணி யாருக்கும் கேட்காது. வேறெந்த மணியும் அவருக்குக் கேட்காது. மற்றபடி காது நன்றாகவே இருந்தது. ஸ்டோர் மணியை வேறொருவனிடம் கொடுத்து, அவரைத் தேயிலைச் செடிகளின் தலையைக் கவ்வாத்து வெட்டப் போட்டார்கள். கோயிலில் தீபாராதனை நடப்பதைக் கண்ணால் பார்த்துக் கும்பிட்டார். கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் யானைகள் கழுத்து மணிகளோடு போனபோது அவருக்குக் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. ஓய்வு நாட்களில் பாறை பாறையாக ஏறி அந்தச் செடியைத் தேடினார். வருடங்கள் போயின. சுப்பம்மா மறுபடி உண்டாகவில்லை.

1933இல், தோட்டம் தோட்டமாகப் புடவை விற்கிற அலவத்துகொட ஹுஸைன் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு ஊர்ப் புதினமாக ஒரு செய்தி சொன்னார்: "புசல்லாவப் பக்கம் ஒரு தோட்டத்துல பொம்புளைங்க வெயில் சாய முந்தியே லயத்துக்குப் போறாங்க. கேட்டா மணி அடிச்சிட்டாம். எனக்கொண்டும் வெளங்கல்ல கறுப்பையா."

கறுப்பையாவுக்கு விளங்கியது. புசல்லாவைக்குப் போய், முழங்கால் சிராய்க்க ஏறி, செடியைக் கண்டார். காற்றே இல்லாமல் நீலப் பூ ஆடிக்கொண்டிருந்தது. தொடவில்லை. "மன்னிச்சிரு தாயி," என்றார். பூ வாடி, காய் காயும்வரை ஓய்வு நாள்தோறும் போய்ப் பார்த்து, உதிர்ந்த விதையை வேட்டி முனையில் முடிந்துவந்து நீர்ப்பாறை வெடிப்பில் தூவினார். அடுத்த வருடம் ஒன்றுமில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை.

1936இல் ஒரு பிற்பகல், கவ்வாத்துக் கத்தியோடு நிமிர்ந்தவர் பாறையில் நீலம் கண்டார். அது ஆடியது. அவருக்கு ஒரு சத்தமும் இல்லை. ஆனால் கீழே பெண்கள் ஒவ்வொருத்தியாக முதுகை நிமிர்த்தினார்கள், கூடைகளைத் தூக்கினார்கள். கிழவராகிப்போன கங்காணி ஒதுங்கி வழி விட்டார். புதிதாக வந்த துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, முள்ளைத் திருகி நாலுக்கு நகர்த்தினார். இறங்கிய வரிசையில் கடைசியாக, நரைத்த தலையோடு சுப்பம்மா மெதுவாக வந்தாள்.

அவர் வீட்டுக்கு வந்தபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"மணி அடிச்சிச்சு. கேட்டுச்சாங்க?"

"கேக்கல. நீ எறங்கி வந்தத பாத்தேன்." கத்தியை மூலையில் வைத்துவிட்டு அவர் கேட்டார்: "இன்னைக்கு மலையில யாருக்கு முடியல?"

"எனக்குத்தான்," என்றாள் சுப்பம்மா.

கறுப்பையா அடுப்பை மூட்டித் தேத்தண்ணி வைத்தார். ஆற்றி அவள் கையில் கொடுத்தார்.