பாலத்துக்கு அந்தப் பக்கம்

"மூடாதீங்க. பெர்கஸ் இன்னும் வரல" என்றாள் அம்மா.

சவப்பெட்டியின் மூடியைப் பிடித்திருந்த இரண்டு ஆட்களும் நோரீனைப் பார்த்தார்கள். நோரீன் அப்பாவைப் பார்த்தாள். முன்னறை ஜன்னலோரம், கையில் ஜெபமாலை சுற்றி, அவளுடைய கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில் படுத்திருந்தார் மலாக்கி. வெளியே பிரேத வண்டி நின்றது. கோவிலில் சாமியார் காத்திருந்தார்.

"பூசைக்கு நேரமாச்சும்மா."

"இந்த ஊர்ல ஒரு சாவு வீட்டையும் அவன் விட்டதில்ல. உங்கப்பா சாவுக்கா வராமப் போவான்?"

அது உண்மைதான். இந்தப் பக்கத்தில் ஒரு எம்.பி. நாடாளுமன்றத்துக்குப் போகாமல் இருந்தாலும் மன்னிப்பு உண்டு. சாவு வீட்டுக்குப் போகாவிட்டால் அடுத்த தேர்தலில் ஆள் காலி. பெர்கஸ் லாக்ரன் அப்படி ஒன்றையும் தவறவிட்டதில்லை. எந்த வீட்டில் சாவு என்று அவனுக்குப் போன் போட்டுச் சொன்னதெல்லாம் அப்பாதான். சொல்ல வேண்டியவரே படுத்துவிட்டார்.

முப்பது வருஷம் அப்பா அவனுக்காக மழையில் கதவு கதவாகத் தட்டினார். ஓட்டு எண்ணும் கூடத்தில் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, பெட்டியைக் கவிழ்த்த கொஞ்ச நேரத்தில் எந்தத் தெரு எங்கே சாய்ந்தது என்று சொல்லிவிடுவார். பெர்கஸ் ஜெயித்தபோதெல்லாம் அவனைத் தோளில் தூக்கியவர்களில் முதல் ஆள் அவர். ஒரு தடவை அதில் இடுப்புப் பிடித்து ஒரு வாரம் படுக்கையில் கிடந்தார்.

பிறகு தொகுதி மறுவரையறை வந்தது. பக்கத்துத் தொகுதியில் தலைகள் குறைகின்றன என்று டப்ளினில் வரைபடத்தை விரித்து, ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த மூன்று கோவில் பங்குகளின் ஊர்களை அறுத்து அதில் ஒட்டிவிட்டார்கள். பெர்கஸ் பாலத்துக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுகொண்டான். அப்பா நிற்கவில்லை. அந்தத் தேர்தலிலும் பாலம் தாண்டிப் போய் அவனுக்காகக் கதவு தட்டினார். தன்னுடைய ஓட்டுச்சீட்டில் பெர்கஸ் பெயர் இல்லாததால், அடியில் பென்சிலால் தானே எழுதி, பக்கத்தில் முதல் விருப்பமாக ஒன்று என்று போட்டுவிட்டு வந்தார்.

"செல்லாத ஓட்டுதான். இருந்துட்டுப் போகுது. வேற எவனுக்குப் போட?" என்றார் வீட்டில்.

அன்று நோரீனுக்கு எரிச்சல்தான் வந்தது.

அவள் சமையலறைக்குப் போய் பெர்கஸின் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். பக்கத்து வீட்டு கொன் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சிக்காரர். அப்பாவோடு சண்டை போடாத நாள் இல்லை. நேற்றிலிருந்து இந்த வீட்டுக் கோப்பைகளை வேறு யாரையும் தொட விடவில்லை.

"எந்தப் பங்குன்னு சொன்னீங்க?" அலுவலகப் பெண் கனிவாகத்தான் கேட்டாள். நோரீன் சொன்னாள்.

"அடடா, அது இப்ப எங்களோடது இல்லைங்களே. உங்க எம்.பி. வந்திருப்பாரே?"

வந்திருந்தார். காலையில் ஓர் இளைஞர் அம்மாவின் கையைப் பிடித்து வருத்தம் சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போனார். அம்மா அவரை இன்சூரன்ஸ் ஆள் என்று நினைத்துக்கொண்டாள்.

"என்னவாம்?" என்றார் கொன்.

"நாம அவங்களோடது இல்லையாம்."

கொன் ஒரு கோப்பையை வெகுநேரம் துடைத்தார். "நான் செத்தா மொத ஆளா அவன்தான் வந்து நிப்பான் பாருன்னான் உங்கப்பன். வரமாட்டான்னு பந்தயம் கட்டுனேன். தோக்கணும்னுதான் வாசலையே பாத்துட்டிருக்கேன் புள்ள."

நோரீன் முன்னறைக்கு வந்து பொய் சொன்னாள். "நேரா கல்லறைக்கு வந்துடறாராம்மா."

அம்மா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டாள்.

"மூடுங்க."

பூசை முடிந்து வண்டி பாலத்தில் ஊர்ந்தது. குடும்பக் கல்லறை அந்தப் பக்கம். செத்தவர்களை மறுவரையறை செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

"மறுபடியும் அவன் தொகுதிக்குள்ள வந்துட்டான் உங்கப்பன்" என்றார் பின்னால் வந்த காரில் கொன்.

நோரீனின் பொய் பலித்திருந்தது. கல்லறை வாசலில் கறுப்பு மேல்கோட்டில் பெர்கஸ் நின்றான். தன் தொகுதியிலிருந்து வந்திருந்தவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கைகுலுக்கினான். கடைசியில் அம்மாவிடம் வந்தான்.

"ரொம்ப வருத்தமா இருக்கு டிலியா. மலாக்கி மாதிரி ஒரு ஆள் இனி எங்க?"

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. அம்மா தன் கைகளைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"உனக்காக மூடாம வெச்சிருந்தோம்."

"வரணும்னுதான் இருந்தேன். இப்ப அந்தப் பக்கம்..."

வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. தோள் கொடுக்க ஆறு பேர் நின்றிருந்தார்கள். அம்மா கொன்னுக்கு எதிரே முன்வரிசையில் நின்ற சித்தப்பா பையனின் முழங்கையைத் தொட்டு விலகச் சொன்னாள்.

"அவரு உன்னைத் தூக்குனாரு பெர்கஸ்" என்றாள். "ஒவ்வொரு தடவையும். இப்ப நீ தூக்கு."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் வாசலில் நின்றவர்கள் எல்லாரும் பெர்கஸ் பக்கம் திரும்பினார்கள்.

பெர்கஸ் மேல்கோட்டுப் பொத்தானைக் கழற்றினான். வழக்கப்படி அவனும் கொன்னும் ஒருவர் தோளில் ஒருவர் கையைப் போட்டுக்கொண்டார்கள். பெட்டி உயர்ந்தது. உயரம் ஒத்துவராமல் அவன் பக்கம் சாய்ந்தது.

"சமமாப் பிடிப்பா" என்றார் கொன்.

காலையில் பெய்த மழையில் பாதை சேறாகக் கிடந்தது. பெர்கஸின் புதுக் காலணி ஒவ்வோர் அடிக்கும் புதைந்து, சத்தத்தோடு வெளியே வந்தது. அம்மா கைகளைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பின்னால் நடந்தாள்.