டாப்பரின் தங்கை

எப்படிப் படிக்க வேண்டும் என்று ஐம்பதாயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் வீட்டில், படிக்கிற ஒருத்திக்கு உட்கார இடமில்லை. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

அண்ணன்காரனுக்கு டாப்பர் என்று பெயர். யாரும் வைத்ததில்லை, அவனே வைத்துக்கொண்டது. "வணக்கம் நண்பர்களே, நான் உங்க டாப்பர் அண்ணா" என்று போனைப் பார்த்து ஆரம்பித்தான் என்றால் நிறுத்த மாட்டான். விடியற்காலையில் எழுவது எப்படி, கவனம் சிதறாமல் இருப்பது எப்படி, போனைத் தள்ளி வைப்பது எப்படி என்று வாய் கிழியப் பேசுவான். எழுவது என்னவோ பத்து மணிக்குத்தான். மருந்தாளுநர் படிப்பில் மூன்றாம் ஆண்டு, நான்கு பேப்பர் அரியர். இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது, வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "அரியர் யாருக்குத்தான் இல்ல?" என்பார் அப்பா. அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். பிள்ளை முன்னறையில் உட்கார்ந்து நேரலையில் பேசிக்கொண்டிருக்கும்போது, இவர் பத்தடி தள்ளிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதையே போனில் பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் இதயம் வேறு போடுவார்.

தங்கைக்காரி அதே கல்லூரியில், அதே படிப்பில் முதலாம் ஆண்டு. உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டாள் என்று வகுப்பில் கோந்து என்று கூப்பிடுவார்கள். வீட்டில் மட்டும் அந்தப் பெயர் எடுபடாது. இருப்பது இரண்டு அறை, ஒரு மேசை. அவள் மேசையில் புத்தகத்தை விரித்த கையோடு அம்மா வந்து நிற்பாள். சலவைக்கூடத்தில் பகல் முழுக்க நின்று இஸ்திரி போட்டுவிட்டு வருகிறவள். அவளுக்குச் சண்டை ஆகாது.

"கொஞ்சம் எழுந்திரும்மா. அண்ணன் படிக்கிற மாதிரி வீடியோ எடுக்கணுமாம்."

படிக்கிற மாதிரி! அந்த வார்த்தையைச் சொல்லும்போது அம்மாவுக்கும் உறைக்காது, கேட்கிற அப்பாவுக்கும் உறைக்காது. கோந்துக்கு மட்டும் வயிறு எரியும். புத்தகத்தை அள்ளிக்கொண்டு போய் அடுப்படிச் சுவரோரம் உட்காருவாள்.

சரி, ஒழிந்து போகட்டும் என்று அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். நோட்டு விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவள் நோட்டு ஒரு தினுசு. இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில். பதிலைக் கையால் மூடிக்கொண்டு கேள்வியை மட்டும் பார்த்துச் சொல்லிப் பார்ப்பாள். தப்பாகச் சொன்னால் கேள்விக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி. மறுபடி தப்பினால் இன்னொரு புள்ளி. எந்த மருந்தோடு எந்த மருந்து சேரக்கூடாது, எதற்கு எவ்வளவு அளவு என்று மருந்தியலில் குழப்புகிற இடமெல்லாம் அந்த நோட்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும். பரீட்சைக்கு முந்தின நாள் முழுப் பாடத்தையும் புரட்ட வேண்டியதில்லை. சிவப்புப் புள்ளி இருக்கிற இடங்களைப் பார்த்தால் போதும். நாளைக்குக் காலையில் மருந்தியல். அண்ணனை அரியரோடு ஏற்றிவிட்டார்கள், இந்த வருஷம் விதி மாறிவிட்டது. இந்தப் பேப்பர் போனால் இரண்டாம் ஆண்டுக்கு ஏற்ற மாட்டார்கள். ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் சித்தப்பா கடையில் பில் போட அனுப்பிவிடுவேன் என்று அப்பா முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

அவள் குளித்துவிட்டு வந்தபோது பையில் நோட்டு இல்லை.

"அதுவா?" என்றான் டாப்பர், பல் துலக்கிக்கொண்டே. "ஐம்பதாயிரம் ஆயிடுச்சில்ல, பரிசு கொடுக்கிறேன்னு சொல்லியிருந்தேன். டாப்பர் அண்ணா கைப்பட எழுதின நோட்ஸ். நேத்து லைவ்ல குலுக்கல் போட்டேன். ஒரு பொண்ணுக்கு விழுந்துச்சு. கொஞ்சம் முன்னாடிதான் அப்பா வேலைக்குக் கிளம்புறப்போ அவர் கையில கொடுத்துவிட்டேன். போற வழியில கூரியர்ல போட்டிருப்பாரு."

"யார் கைப்பட எழுதினது?"

"ஏய், என் நோட்டுல எங்க எழுத்து இருக்கு? எல்லாம் வெள்ளைப் பேப்பர். அத அனுப்பினா மானம் போயிடாது?"

அவனுக்கு வெட்கமில்லை, வருத்தமில்லை, கண்ணில் ஒரு சலனம்கூட இல்லை. நின்று சண்டை போட்டால் பார்சல் போய்விடும். ஈரத் தலையைக்கூடத் துவட்டாமல் ஓடினாள்.

கூரியர் அலுவலகம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில், ஒரு கதவு அகலத்துக்கு இருந்தது. உள்ளே இருந்த பெண் ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்துக் கிழித்து அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இரும்பு அலமாரியின் நடுத்தட்டில், பளபளவென்று தங்க நிறத் தாளில் சுற்றிய பார்சல் இருந்தது. மேலே டாப்பருடைய கோழிக் கிறுக்கலில் முகவரி. கையை நீட்டினால் எடுத்துவிடலாம்.

"அக்கா, அது என்னோட நோட்டு. தெரியாம அனுப்பிட்டாங்க. கொடுத்துடுங்க."

"ரசீது இருக்கா?"

"எங்க அப்பாகிட்ட இருக்கு. எங்க அண்ணன் பேருல போட்டிருப்பாரு."

"அப்ப அண்ணன் வந்து கையெழுத்துப் போடட்டும். நான் பாட்டுக்கு எடுத்துக் கொடுத்துட்டா நாளைக்கு என்னையில்ல கேப்பாங்க?" அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "வண்டி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும். போன் பண்ணி வரச்சொல்லு, தனியா எடுத்து வைக்கிறேன்."

அவள் மேல் தப்பு சொல்ல முடியாது. கோந்து வாசலில் நின்று அண்ணனுக்கு அடித்தாள்.

"லைவ்ல சொன்னா சொன்னதுதான்" என்றான் டாப்பர். "பரிசைத் திருப்பி வாங்கினான்னு எவனாவது ஒரு வீடியோ போட்டா நான் காலி. இன்னைக்குச் சாயங்காலம் லேம்ப் கம்பெனிக்காரங்களுக்காக லைவ் வேற இருக்கு. நான் வர மாட்டேன், தொந்தரவு பண்ணாதே."

"எனக்கு நாளைக்குப் பரீட்சைடா!"

"டைம் டேபிள் போட்டுப் படி. என்னோட பழைய வீடியோ ஒண்ணு இருக்கு, பாரு."

போனை அப்படியே தார்ச்சாலையில் வீசியடிக்கலாம் போல் இருந்தது. அடுத்து அப்பாவுக்கு அடித்தாள். பின்னால் மெஷின் கடகடத்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு அப்பா உரக்கச் சொன்னார்.

"விடும்மா. அவன் வாக்கு கொடுத்துட்டான். நீதான் நல்லாப் படிக்கிறவளாச்சே, இன்னொரு தடவை எழுதிக்கோ."

"பதிலை எழுதிக்கலாம்ப்பா. எனக்கு எதெது தெரியாதுன்னு அந்த நோட்டுக்குத்தாம்ப்பா தெரியும்."

"என்னது?"

"எனக்கு எது தெரியாதுன்னு..."

"கேக்கலம்மா, மெஷின் ஓடுது. வீட்டுக்கு வந்து பேசுறேன்."

நல்லாப் படிக்கிறவளாச்சே! அந்தப் பாராட்டை நினைத்து நினைத்துக் கொதித்தாள். படிக்காதவனுக்கு மேசை, விளக்கு, வண்ணப் பேனா. படிக்கிறவளுக்கு என்ன? எதைப் பிடுங்கினாலும் சமாளித்துக்கொள்வாள் என்ற பெயர்தான். கூரியர்ப் பெண் பார்சலைத் தனியாகத்தான் வைத்திருந்தாள். வண்டி வந்தது. இவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, தங்கத் தாளையும் மற்றவற்றோடு சாக்குக்குள் போட்டாள்.

கோந்து அழவில்லை. கோபம் வந்தால் அவளுக்கு அழுகை வராது, வேகம்தான் வரும். வீட்டுக்குப் போனாள். டாப்பர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தான். மேசைமேல் லேம்ப் கம்பெனிக்காரன் அனுப்பிய புது விளக்கு, ஒரு தடவைகூட எழுதாத பன்னிரண்டு வண்ணப் பேனா, 'ஒழுக்கமே வெற்றி' என்று எழுதிய அட்டை எல்லாம் ஜோடித்து வைத்திருந்தான். அட்டையைத் தரையில் வைத்தாள். மேசையை விளக்கோடு பிடித்து இழுத்தாள். கால்கள் கிறீச்சிட்டுத் தரை முழுக்கக் கோடு விழுந்தது. நிலைப்படியில் மாட்டியதைக் குறுக்கே திருப்பி, தோளைக் கொடுத்துத் தள்ளி, உள்ளறைக்குள் கொண்டுபோய்க் கதவைத் தாழிட்டாள்.

பாடப்புத்தகத்திலிருந்து மறுபடி கேள்வி எழுத ஆரம்பித்தாள். ஒரு முழு வருஷப் பாடம். ஒவ்வொன்றாகத் தன்னையே கேட்டுப் பார்த்து, திணறுகிற இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போக வேண்டும். நேரம் போதுமா என்றால் போதாது. ஒரு நிமிஷத்தைக்கூட விடுவதற்கில்லை.

முடி வெட்டிக்கொண்டு, ஊரைச் சுற்றிவிட்டு டாப்பர் திரும்பி வந்தான். ஐந்தரை மணிக்கு முதல் தட்டு விழுந்தது.

"ஏய், மேசை எங்கடி? ஆறு மணிக்கு லைவ்!"

"படிக்கிறேன்."

"விளக்கையாவது கொடு. கம்பெனிக்காரன் பாப்பான்!"

"படிக்கிறேன்."

அப்பா வேலையிலிருந்து வந்தார். "கதவைத் தொறம்மா, அண்ணன் பாவம் இல்ல?" என்றார். அம்மா வந்து, "ஒரு அரைமணி நேரம்தாம்மா" என்றாள். ஒரு அரைமணி நேரம், ஒரு அரைமணி நேரம் என்றுதான் ஒரு வருஷத்தைத் தின்றிருந்தார்கள். கோந்து எல்லோருக்கும் அதே ஒரு வார்த்தையைச் சொன்னாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

ஆறு மணிக்கு வெளியே சத்தம் அடங்கியது. பிறகு அந்தத் தேன் குரல் கேட்டது.

"வணக்கம் நண்பர்களே, நான் உங்க டாப்பர் அண்ணா. என்ன, இன்னைக்குத் தரையில உக்காந்திருக்கேனேன்னு பாக்குறீங்களா? உள்ள என் தங்கச்சி படிச்சுக்கிட்டிருக்கா. நாளைக்கு அவளுக்குப் பரீட்சை. என் மேசை, என் புது விளக்கு எல்லாத்தையும் நானே தூக்கி அவளுக்குக் கொடுத்துட்டேன். விட்டுக்கொடுக்கிறதும் ஒரு நல்ல பழக்கம்தான் நண்பர்களே."

கோந்துவின் பேனா நின்றுவிட்டது. காது மடல் சுட்டது. எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். திறந்து நாலு வார்த்தை, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலே வார்த்தை கேட்டால் போதும். ஆனால் நாலு வார்த்தையோடு எந்தச் சண்டைதான் நின்றிருக்கிறது? இரவு சாப்பாடு வரைக்கும் இழுக்கும். அவனுக்கு அதுவும் ஒரு வீடியோ. இவளுக்கு ஒரு பாடம் போய்விடும். கையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். மெஷின் சத்தத்தோடு மல்லுக்கட்டிப் பேசியே பழகிய தொண்டை. அவருக்கு மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாது.

"நீ எப்படா கொடுத்தே? அவதானே இழுத்துக்கிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டா?"

"அப்பா..." என்றான் டாப்பர், பல்லிடுக்கில்.

"என்ன அப்பா? அவ பரீட்சை நோட்டை உன் நோட்டுன்னு சொல்லி எவளுக்கோ பரிசு அனுப்பிட்டே. என் கையாலதானே கூரியர்ல போடச் சொன்னே? அந்தக் கோவத்துலதான் அவ மேசையைத் தூக்கிக்கிட்டுப் போனா. பாத்தா அவளைத்தானே திட்டணும், இதுல நீ என்னத்த விட்டுக்கொடுத்தே?"

அவர் மகளுக்குப் பரிந்து பேசவில்லை. மகனை மாட்டிவிடவும் நினைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார், அவ்வளவுதான்.

"லைவ்ப்பா! லைவ் போயிட்டிருக்கு!"

"ஓடட்டுமே. நானும்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

வெளியே எதுவோ தடாலென்று விழுந்தது. அம்மா "ஐயையோ" என்றாள். அடுத்த கணம் கதவு அதிர்ந்தது. டாப்பர் இரண்டு கையாலும் குத்திக்கொண்டிருந்தான்.

"பாத்தியாடி? எல்லாரும் என்னைத் திட்டி எழுதுறாங்க! கம்பெனிக்காரன் வெளிய போயிட்டான்! உன்னால என் பேரு போச்சு! தொறடி கதவை!"

கோந்து பதிலைக் கையால் மூடிக்கொண்டு கேள்வியைப் பார்த்தாள். சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்துப் புள்ளி வைத்தாள்.

"போனா போகட்டும்" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "உன்னால என் வருஷம் போகுது. தட்டாதே, படிக்கிறேன்."