இவ்விடம் யாவரும் சுகம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. நாற்பது வயதில் எழுத்துக் கற்றபோது நான் முதலில் எழுதிப் பழகிய வரி: 'இவ்விடம் யாவரும் சுகம்.' ஊருக்குப் போகும் கடிதமெல்லாம் அப்படித்தான் தொடங்க வேண்டுமாம். நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை தலையில் விழுந்தாலும் சுகம்தான்.

2

பதுளை மலைகளைப் பனி மூடி

(அடித்துவிட்டேன். பனி யாரையும் கொல்லவில்லை.)

பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் லிங்கம் ஐயா எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். பெரட்டுக் களத்தில்* நின்று, நோய் என்பது வெறும் நினைப்பு என்று பேசினார். காய்ச்சல் என்ற சொல்லையே எடுக்கக் கூடாதாம். யார் கேட்டாலும் சுகம் என்றால் சுகம் வந்துவிடுமாம். தோட்டத் துரைக்கு இந்தப் பேச்சு மிகவும் பிடித்தது. பிடிக்காதா பின்னே? பேசி முடிக்கும்வரை ஐயா கம்பளிக் கோட்டைக் கழற்றவில்லை. குளிரை மட்டும் நினைப்பால் விரட்ட முடியாது போலும்.

(* காலையில் பேர் கூப்பிட்டு ஆளை வேலைக்குப் பிரிக்கிற இடம். சுகம் என்றால் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகலாம், சுகமில்லை என்றால் மருந்து.)

3

என் தங்கச்சி இராக்கம்மா அதை நம்பினாள். அவளை முட்டாளாக எழுதினால் எனக்குச் சுலபம். எட்டு நாள் காய்ச்சலில் கிடந்தவள் எதைத்தான் நம்ப மாட்டாள்? மருந்து கேட்டு வாங்கு என்றேன்.

"அந்தப் பேச்ச எடுக்காதண்ணே. ஒன் வாய்தான் எனக்கு வெனை."

"ஒங்க லிங்கம் ஐயா கோட்டக் கழட்டிட்டுச் சொல்லட்டும், நம்புறேன்."

சிரித்தாள். பல் கிடுகிடுத்தது.

பெரட்டில் மருந்துக்காரர் அவளிடம் வந்து, என்ன செய்கிறது என்று கேட்டார்.

"சொகமா இருக்கேங்க."

காய்ச்சல் மருந்தான கொயினா அடுத்தவளுக்குப் போயிற்று. நான் வாயைத் திறந்தேன். அவள் முறைத்தாள். மூடிக்கொண்டேன்.

(கடைசிச் சொல்லை மூன்று முறை அடித்தேன். மறுபடி எழுதியிருக்கிறேன்.)

4

ஒரு முடிவு: மலையேற ஏறக் காய்ச்சல் இறங்கியது. லிங்கம் ஐயா கேட்டால் மகிழ்வார்.

இன்னொன்று: லிங்கம் ஐயாவே காய்ச்சலில் விழுந்து, கொயினா கொயினா என்று அலறுகிறார். இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் சுகமாக இருந்தது.

நடந்தது: மத்தியானம் மலையிலிருந்து அவளைச் சாக்கில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். மூச்சு இல்லை. துக்கம் கேட்க வந்த லிங்கம் ஐயா, அவள் முழு மனதோடு நினைத்திருக்க மாட்டாள் என்றார். கோட்டோடுதான் வந்திருந்தார்.

5

ஆத்தாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பழகிய கை தானாக ஓடியது; பாதி வரியில் பிடித்து நிறுத்தினேன். ஆத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஊரில் யாராவதுதான் வாசித்துக் காட்ட வேண்டும். அது நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே உட்கார்ந்து உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாசியுங்கள்:

இவ்விடம் யாவரும்