சவ்வின் வலது மூலை

கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி டாக்டரம்மா அப்படியே நின்றுவிட்டாள். அவள் கை சவ்வின் வலது மூலையை வெட்டப் போயிருந்தது. இந்த ஆய்வுக்கூடத்தில் வெட்ட வேண்டியது இடது மூலை.

இதில் என்ன குடி முழுகிப்போயிற்று என்று கேட்கலாம். செல்லிலிருந்து எடுத்த புரதங்களை ஜெல்லில் குழி குழியாக ஊற்றி, மின்சாரம் செலுத்திப் பிரித்து, பிறகு உள்ளங்கை அகலமுள்ள ஒரு வெள்ளைச் சவ்வில் ஒற்றி எடுப்பார்கள். எந்தப் பக்கம் முதல் குழி, எந்தப் பக்கம் கடைசி என்று அந்த வெள்ளையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் ஒரு மூலையைக் கத்தரித்து வைப்பது. இங்கே வெட்டிய மூலை என்றால் முதல் குழி. டாக்டரம்மா முனைவர் பட்டம் வாங்கிய பழைய இடத்தில் வெட்டிய மூலை என்றால் கடைசிக் குழி. அங்கே ஆறு வருஷம் பழகிய கை. அதற்குப் புத்தி சொன்னால் கேட்கவா போகிறது?

போன வருஷமும் இதே கைதான் வெட்டியது. படத்தைப் படித்த கண் மட்டும் இந்தக் கூடத்து வழக்கப்படி வெட்டிய மூலையை முதல் குழி என்று எடுத்துக்கொண்டது.

மூளைச் செல்லில் சேரும் குப்பையைப் பற்றியதுதான் அவள் ஆராய்ச்சி. பழுதான புரதங்களைச் செல்லே உடைத்துத் தள்ளிவிட வேண்டும். நடுக்குவாதக்காரர்களுக்கு அந்த வேலை மந்தமாகிவிடுகிறது. புரதம் கட்டிகட்டியாகச் சேர்ந்து கடைசியில் செல்லையே சாகடிக்கிறது. உடைக்கிற வேலையை முடுக்கிவிட ஒரு மருந்து கிடைக்காதா என்று பதினோரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாள். போன வருஷம் அவளுடைய சொந்த அண்ணனுக்கே நடுக்குவாதம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அதே சமயம் நம்பிக்கை தருகிற ஒரு மருந்தும் கைக்கு வந்தது; அதைச் சோதிக்க வேண்டிய வாரம் பார்த்து அக்கா விடுப்பில் இருந்தார். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. இருபத்தோரு வருஷமாக அங்கே டெக்னீஷியன்; இயக்குநர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். அவர் வரும்வரை நான்கு நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு டாக்டரம்மா தானே கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். முதல் குழியில் மருந்து படாத செல். பிறகு குழிக்குக் குழி மருந்தை ஏற்றிக்கொண்டே போய் ஆறாவதில் நிறுத்தினாள். மறுநாள் படம் எடுத்துப் பார்த்தால் முதல் குழியில் குப்பைப் புரதத்தின் பட்டை தடிமனாக இருந்தது, ஆறாவதில் நூலாக மெலிந்திருந்தது. மருந்து வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்! தலைகால் புரியவில்லை அவளுக்கு. இயக்குநரிடம் சொல்வதற்கு முன்னால் அண்ணனுக்குத்தான் போன் போட்டாள்.

அக்கா திரும்பி வந்து அதே சோதனையை மூன்று தடவை செய்தார். மூன்று தடவையும் நேர்மாறாக வந்தது. "மேடம், ஒருவேளை அன்னைக்கு மூலையை..." என்று ஒருநாள் ஆரம்பித்தார். "என் வேலையை நீங்க சரிபார்க்க வேண்டாம், உங்க வேலையைப் பாருங்க" என்று வெடுக்கென்று சொல்லி வாயை அடைத்தாள் டாக்டரம்மா. இயக்குநரிடம் போய், அக்காவுக்கு வயசாகிவிட்டது, கவனம் போதவில்லை என்றாள். அந்த வருஷம் அக்காவின் ஒப்பந்தத்தை நிர்வாகம் புதுப்பிக்கவில்லை. கடைசி நாளன்று அக்கா எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். டாக்டரம்மா கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இப்போது ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள், அவள் அனுப்பிய கட்டுரையை வெளியிட இன்னொரு தடவை செய்து காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்கள். செய்ய அக்கா இல்லை. அதனால்தான் மறுபடியும் கத்தரிக்கோல் இவள் கைக்கு வந்தது.

இடது மூலையை வெட்டி, மீதி வேலையையும் முடித்துப் படம் எடுத்தாள். மருந்து ஏற ஏறப் பட்டை தடித்துக்கொண்டே போயிற்று. அக்கா மூன்று தடவை காட்டியது இதைத்தான். அந்த மருந்து குப்பையை அள்ளவில்லை, அள்ளுகிற ஆளையே கட்டிப்போட்டிருந்தது. தரை பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

சாயங்காலம் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். நாற்காலியில் உட்கார்ந்து, நடுங்கும் வலது கையைக் காட்டி, "வா, வா. வண்டி நின்னுடுச்சு, இஞ்சின் மட்டும் ஓடிக்கிட்டு இருக்கு" என்றார். யார் வந்தாலும் சொல்கிற ஜோக்தான். அவள் முகத்தில் ஈயாடவில்லை என்றதும் அண்ணி டீயைக் கீழே வைத்தாள்.

"அந்த மருந்து குப்பையைக் குறைக்கலண்ணா. கூட்டுது. நான்தான் தலைகீழாப் படிச்சுட்டேன்."

"அப்போ ஒண்ணுமே இல்லையா?" என்றாள் அண்ணி.

"இல்ல அண்ணி."

அண்ணன், "நல்லவேளை, எனக்குக் குடுத்துப் பாக்கல" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "ஒரு அம்மா எல்லாத்தையும் தப்புத் தப்பா பண்றாங்கன்னு வந்து திட்டிக்கிட்டு இருப்பியே, அவங்க எங்க?"

"அனுப்பிட்டோம்."

"அனுப்பிட்டோம்னா?"

அவள் குனிந்துகொண்டாள். மருந்து இல்லை என்றபோது கூட அண்ணன் முகம் இப்படிப் போகவில்லை.

"இங்க உக்காந்து என்ன பண்ற?" என்றார். "எழுந்து போ. அவங்களைப் போய்ப் பாரு."

மறுநாள் காலை இயக்குநர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கட்டுரையை மட்டும் திரும்ப வாங்கிக்கலாம். காரணமெல்லாம் எதுக்கு? யாரு கேக்கப் போறாங்க?" என்றார். அதைக் கேட்டதும் அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. உண்மையிலேயே இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்துத்தான் பின்னால் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கடிதம் எழுதினாள். தவறு என்னுடையது, அக்காவின் மூன்று முடிவுகளும் சரியானவை, அவரைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு இயக்குநர் மேசையில் வைத்தாள். ஒரு நகலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அக்கா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ரத்தம் எடுக்கிற அறையில் இருப்பார் என்று தேடினால், வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மேடம்! உங்களுக்கா டெஸ்ட்டு?"

டாக்டரம்மா கடிதத்தை நீட்டினாள். அக்கா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். சந்தோஷப்படுவார், இல்லாவிட்டால் நாலு வார்த்தை கேட்பார் என்று இவள் காத்திருந்தாள்.

"அப்படின்னா என் கைக்கு ஒண்ணும் இல்லையா மேடம்?"

"கைக்கா? கைக்கு என்ன?"

"நீங்கதானே சொன்னீங்க. மூணாவது தடவை முடிச்சு நான் சவ்வைக் கொண்டுவந்து காட்டறப்ப. உங்க கை நடுங்குது அக்கா, எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதுன்னு."

டாக்டரம்மாவுக்கு அது சுத்தமாக நினைவில் இல்லை. கோபத்தில் சொல்லியிருப்பாள். அக்காவின் கை நடுங்கியும் இருக்கலாம். அவள் போட்ட சத்தத்தில் யார் கைதான் நடுங்காது?

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"இத்தனை வருஷம் இதே வியாதியைத்தானே நாம பாத்துக்கிட்டு இருந்தோம். மருந்து இல்லன்னு எனக்குத் தெரியாதா? போய் என்ன ஆகப்போகுது? இங்க ஊசி குத்தத்தான் கூப்பிட்டாங்க. எனக்கு டோக்கனே போதும்னுட்டேன்."

"அக்கா, நான் சொன்னது அவ்வளவும் பொய். உங்க கை நல்ல கை. என்னை மன்னிச்சுடுங்க."

"அது இருக்கட்டும் மேடம்." அக்கா கடிதத்தை நான்காக மடித்தார். "எனக்குப் பேரன் பொறந்திருக்கான். ஆறு மாசம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு தடவை கூட நான் தூக்கல, கீழ போட்டுடுவேனோன்னு. அம்மாவுக்குப் புள்ளை மேல ஒட்டுதலே இல்லன்னு என் பொண்ணு என்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல. அவகிட்ட காரணத்தை நான் சொல்லவே இல்ல. இப்ப போய்ச் சொன்னா சாக்குன்னு நினைப்பா. நீங்க வந்து சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"ஆறு மணிக்குத்தான் எனக்கு டூட்டி முடியும்."

மூன்றரை மணி நேரம் டாக்டரம்மா நோயாளிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உங்களுக்கு என்ன டெஸ்ட் என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். ஆறு மணிக்கு இருவரும் நடந்தே போனார்கள்.

மகள்தான் கதவைத் திறந்தாள். இடுப்பில் குழந்தை. அம்மாவைப் பார்க்காமல் புது ஆளைப் பார்த்தாள்.

"யாரும்மா இது?"

அக்கா ஒதுங்கி நின்றுகொண்டார். மேடம் என்றோ, பெரிய விஞ்ஞானி என்றோ ஒரு வார்த்தை சொல்லி வைப்பார் என்று டாக்டரம்மா எதிர்பார்த்தாள். எதிர்பார்த்ததற்காக வெட்கப்பட்டாள். குழந்தை அவளையே கொட்டக் கொட்டப் பார்த்தது.

"உங்க அம்மா தப்பு பண்ணினாங்கன்னு பொய் சொல்லி, வேலையை விட்டு அனுப்பினது நான்தாம்மா" என்று ஆரம்பித்தாள்.