செருப்பைக் கழற்ற விடாத நானா

என் முதல் படமும் கடைசிப் படமும் ஒன்றுதான். யாரும் பார்க்கவில்லை என்பதால் கதையைச் சொல்லிவிடுகிறேன்: ஊரார் ஒரு தலைவரைப் பதவியிறக்குகிறார்கள், அவர் வீடில்லாமல் தெருவில் திரிகிறார். எங்கள் அசாந்தி மக்களின் வழக்கத்தில் பதவியிறக்குவது என்றால் காலிலிருந்து செருப்பை உருவுவது. வெறும் பாதம் மண்ணில் பட்டால் தலைவர் தலைவரில்லை.

துணிக்கடைக்காரி பெற்ற பிள்ளை நான். நடிகனுக்குக் கொட்டிக் கொடுப்பேனா? குமாசி லாரி நிலையத்தில் அட்டை விரித்துக் கிடந்த நானா அம்பொன்சாவைப் பிடித்தேன். நிஜமாகவே பதவியிழந்த தலைவர்; 'நானா' என்பது தலைவர்களை நாங்கள் அழைக்கும் மரியாதைச் சொல். படம் முடியும்வரை வாடகை வீட்டில் கட்டில், இரண்டு வேளை ஃபூஃபூக் களி. அதுதான் கூலி. மலிவான சரக்கில் எங்கோ ஓட்டை இருக்கும் என்று அம்மா சொல்லித்தான் வளர்த்தாள்.

எங்கள் படங்களுக்கு வசனம் எழுதுவதில்லை. காட்சியைச் சொன்னால் நடிகர்களே பேசிக்கொள்வார்கள். தெருக்காட்சிகளை முதலில் எடுத்தாயிற்று. பாக்கி செருப்புக் காட்சி மட்டும்; அதற்காக நானா காலில் தலைவர் செருப்பை மாட்டினோம். தாடியில் மாவு பூசி ஊர்ப் பெரியவர் வேடம் போட்ட யாவ், குனிந்து காலைப் பிடித்தான். நானா காலை மடக்கிக்கொண்டு பேச ஆரம்பித்தார். நிலத் தகராறு, தண்ணீர்க் குழாய், யாவின் மாமியார் என்று வெளிச்சம் போகும்வரை பேசினார். மறுநாளும் அதே.

"நானா, ஒரே ஒரு தடவை கழட்ட விடுங்க. படம் முடியணும்ல?"

"யாருக்கு முடியணும்?"

"எனக்குத்தான். வீட்டுக்காரம்மா நாளைக்குச் சாவி கேக்குறாங்க."

"அப்ப நாளைக்குப் பேசிக்கலாம்."

யாவ் வியர்வையைத் துடைத்தான். "ஊர்ல இவரை எப்படித்தான் கழட்டினாங்களோ. அந்த ஆளுங்களையே கூட்டிட்டு வாங்க, முதலாளி."

"தூக்கத்துல கழட்டிட்டாங்கடா," என்றார் நானா. "இங்க வந்துதான் மறுபடி தூங்குறேன்."

வேறு வழியில்லாமல் மறுநாள் கதையை மாற்றினேன். தலைவர் பதவியோடு படுக்கையில் சாகிறார், ஏற்கெனவே எடுத்த தெருக்காட்சியெல்லாம் அவர் கண்ட கனவு. நானா உடனே சம்மதித்தார். கட்டிலில் நீட்டிப் படுத்து அருமையாகச் செத்தார்.

"போதும்," என்றேன். கண் திறக்கவில்லை. யாவ் தோளை உலுக்கினான். இமை துடித்தது, உடம்பு இன்னும் விறைத்தது.

சாவி கேட்டு வந்த வீட்டுக்காரி மெத்தையை உருவினாள். பிறகு கட்டிலைச் சாய்த்தாள். நானா தரையிலும் பிணமாகவே கிடந்தார். கடைசியில் நாலு பேர் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினோம். பின்னால் கதவு பூட்டப்பட்டது. எங்கே இறக்கி வைப்பதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"இன்னும் எடுக்குறீங்கள்ல?" உதடு அசையாமல் கேட்டார்.

கேமராக்காரன் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்; வீட்டுக்குள் இருக்கும்போதே பேட்டரி தீர்ந்திருந்தது.

"எடுக்குறோம், நானா," என்றேன். "அசையாதீங்க."