அறுபத்திரண்டு மணி நேரம்

பொய் சொல்வதில் அவளுக்குப் பெரிய திறமை ஒன்றும் கிடையாது. வாரத்துக்கு ஒரே ஒரு பொய், அதுவும் திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டின்போது மட்டும். மூன்று வருடமாக ஒரு வாரம்கூட விடாமல் சொல்லிவந்ததில் அது நன்றாகக் கைவந்துவிட்டது.

"என்ன மேடம், ஞாயித்துக்கிழமை எப்படிப் போச்சு? தங்கச்சி வீட்டுப் பட்டாளம் வந்துச்சா?" என்று பதிவறை எழுத்தர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்பார்.

"வராம இருப்பாங்களா? பெரியவன் பூந்தொட்டிய ஒடச்சிட்டான். யாரு ஒடச்சதுன்னு நான் கேக்கறதுக்குள்ள சின்னவன் 'நான் இல்ல'ன்னு அழ ஆரம்பிச்சிட்டான்."

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரிப்பார்கள். எழுத்தர் விடமாட்டார். "உங்க வீடாவது பரவால்ல மேடம். நம்ம வீடு கல்யாண வீடு. மச்சான் குடும்பம், அண்ணன் குடும்பம், போதாததுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க. உக்கார எடமில்லாம நானே வாசப்படியில உக்காந்து சாப்பிட்டேன்." வாரம் தவறாமல் இதையே சொன்னதால் அவருக்குக் கல்யாண வீட்டுக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

தங்கை குடும்பம் ஒரு காலத்தில் ஞாயிறுதோறும் வந்ததென்னவோ உண்மைதான். மூன்று வருடத்துக்கு முன் தங்கை கணவருக்கு வேலை மாற்றலாகி ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊருக்குப் போய்விட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை யாரோ பேச்சுவாக்கில் "பசங்க வந்தாங்களா?" என்று கேட்க, அவளும் பேச்சுவாக்கில் "வந்தாங்க" என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு பிள்ளைகளை நிறுத்த முடியவில்லை. வாரா வாரம் வந்து எதையாவது உடைத்துவிட்டுப் போனார்கள்.

அவளுக்கும் அலுவலகத்தில் ஒரு பெயர் உண்டு: கெடு மேடம். அவள் வேலை பார்க்கும் பிரிவு ரசாயனங்களின் புதிய பயன்பாட்டை ஆராய்வது. ஒரு ரசாயனத்தை ஒரு வேலைக்கென்று அனுமதி வாங்கி வைத்திருப்பவர், அதையே வேறொரு வேலைக்கு விற்க நினைத்தால் முதலில் இவர்களுக்கு எழுதிக் கேட்க வேண்டும். அன்றிலிருந்து தொண்ணூறு நாள் கெடு. அதற்குள் அரசாங்கம் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அரசாங்கம் சும்மா இருந்தே ஒரு காரியத்தை முடித்துக் கொடுக்கும் இடம் வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை. அதனால் அவள் ஒவ்வொரு கோப்பின் மேலும் சிவப்பு மையால் நாளை எண்ணி எழுதி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருப்பாள். பத்தொன்பது வருடத்தில் அவள் கையில் ஒரு கெடுவும் தவறியதில்லை.

இப்போது கையில் இருந்தது ஒரு கழுவு திரவத்தின் கோப்பு. இரும்புச் சாமான்களில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் திரவம். இத்தனை நாள் தொழிற்சாலையில், மூடி போட்ட தொட்டிக்குள், கையுறை போட்டவர்கள் பயன்படுத்திவந்தது. நாள்பட மூச்சில் போனால் கல்லீரலைக் கெடுக்கும். கம்பெனி அதைச் சின்னப் பீய்ச்சுக் குப்பியில் அடைத்து, சோபா, மெத்தை, திரைச்சீலைக் கறை போக்க வீட்டுக்கு வீடு விற்கப் போவதாக எழுதியிருந்தது.

இதற்கெல்லாம் ஒரு அட்டவணை உண்டு. அந்த அட்டவணைக்குள் கணக்குக்கென்று ஒரு மனிதர் குடியிருந்தார். நாலு அறை வீடு, நாலு பேர் குடும்பம். கறையில் மருந்தைத் தெளித்த கையோடு ஜன்னலைத் திறந்து வைப்பார். அரை மணி நேரத்தில் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார். சாயங்காலம் காற்றாட நடப்பார். விடுமுறை நாளில் யார் வீட்டுக்காவது போவார், இல்லாவிட்டால் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். கொடுத்து வைத்த மனிதர். அவர் எவ்வளவு மூச்சு விடுகிறார், அதில் எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்று பார்ப்பதுதான் வேலை. பத்தொன்பது வருடமாக எல்லாக் கோப்பிலும் அவரைத்தான் அவள் உட்கார வைத்து எழுப்பினாள். இவர் யார் வீட்டில் இருக்கிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இந்தக் கோப்பிலும் அவர் சௌக்கியமாக இருந்தார். அளவு வரம்புக்குள் வந்தது. 'மறுப்பில்லை' என்று அவள் வரைவு எழுதி வைத்தபோது எண்பத்து நான்காம் நாள், வெள்ளிக்கிழமை.

ஞாயிறு மாலை அவள் கை தட்டி காபி சோபாவில் கொட்டியது. துணியால் ஒற்றிப் பார்த்தாள், கறை போகவில்லை. அந்தக் குப்பி கடைக்கு வந்திருந்தால் இப்போது ரெண்டு தடவை பீய்ச்சியிருக்கலாமே என்று நினைத்தாள். பீய்ச்சிவிட்டு ஜன்னலைத் திறந்திருப்போம்.

ஜன்னலைப் பார்த்தாள். கீழே பேருந்து நிறுத்தம். புகையும் ஹாரன் சத்தமும் தாங்காமல் மூன்று வருடத்துக்கு முன்பே அதை ஆணி அடித்து மூடியிருந்தாள்.

சரி, அடுத்த அறைக்குப் போயிருப்போம். அடுத்த அறை ஏது? இருப்பது ஒரே அறை. சோபாவுக்கு எதிரே கட்டில், கட்டிலுக்குத் தலைமாட்டில் அடுப்பு.

வெளியே போயிருப்போம். எங்கே?

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு பையிலிருந்து நேரக் குறிப்புப் படிவம் ஒன்றை எடுத்தாள். ஒருவர் எந்நேரம் எந்த அறையில் இருந்தார் என்று கால் மணிக்கு ஒரு கட்டமாக நிரப்பும் தாள் அது. போன ஏழு நாளை நினைவிலிருந்து எழுதலாம் என்று அதிலேயே அச்சடித்திருக்கும். வெள்ளி மாலை ஆறரைக்குக் கதவைத் தாழ் போட்டது முதல் நிரப்ப ஆரம்பித்தாள். எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது, ஒரே வார்த்தையைத்தானே திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. குப்பை போடப் போனது ஒரு கட்டம். தங்கை போனில் "சாப்டியாக்கா? வெக்கட்டுமா?" என்றது அரைக் கட்டம்கூட வரவில்லை. திங்கள் காலை எட்டரைக்குக் கிளம்புவது வரை கூட்டினால் அறுபத்திரண்டு மணி நேரம். 'வீட்டில் இருப்பவர்: ஒருவர். வந்தவர்: இல்லை.' மூன்று வருடமாக ஈ காக்கா எட்டிப் பார்க்காத வீட்டில் எத்தனை பூந்தொட்டியைத்தான் உடைத்திருக்கிறாள்!

அட்டவணை மனிதரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் தன்னை உட்கார வைத்துப் பார்த்தாள். சோபா பஞ்சு மருந்தை உறிஞ்சி மூன்று நாள் மெல்ல மெல்லக் கக்கும் என்று கம்பெனியே எழுதியிருந்தது. அளவு வரம்பைப் போல மூன்று மடங்கு வந்தது. கூட்டலில் தப்போ என்று மறுபடி போட்டாள். மூன்று மடங்குதான்.

மறுநாள் எண்பத்தேழாம் நாள். காலை பதினொரு மணிக்கு இயக்குநர் அறையில் கூட்டம். இயக்குநர், கம்பெனிப் பிரதிநிதி, குறிப்பெடுக்க எழுத்தர், அவள். பழைய வரைவைக் கிழித்துவிட்டுப் புதிய கணக்கையும் நேரக் குறிப்பையும் அவள் மேஜையில் வைத்தாள். அதில் பெயர் இல்லை. வீட்டுக்காரர் பெயரைத் தனி உறையில் போட்டு ஒட்டி இயக்குநரிடம் கொடுத்தால் போதும் என்பது விதி.

பிரதிநிதி தாளை மேலும் கீழும் பார்த்தார். நல்ல மனிதர்தான், எப்போதும் சிரித்த முகம். அன்றும் சிரித்தார்.

"சார், இது கொஞ்சம் ஓவரா இல்லயா? அறுபத்திரண்டு மணி நேரம் ஒருத்தர் ஒரே ரூமுக்குள்ள, ஜன்னலயும் சாத்திக்கிட்டு. ஒருத்தர்கூட வந்து பாக்கல. இப்படி ஒரு ஆள் எங்க சார் இருக்காங்க? எங்களுக்குத் தடை போடறதுக்குன்னே உக்காந்து கற்பனை பண்ணின மாதிரி இருக்கு."

இயக்குநரும் லேசாகச் சிரித்துவிட்டார். அவள் பேசாமல் இருந்திருக்கலாம். உறை அவள் மடியில்தான் இருந்தது, அதைக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் 'இப்படி ஒரு ஆள் எங்கே' என்ற சொல் அவளைச் சுட்டுவிட்டது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை இல்லை என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"இங்கதான் இருக்கேன்," என்றாள். "அது என் வீடு. போன வெள்ளிக்கிழமையிலேருந்து இன்னிக்குக் காலைல வரைக்கும். வேணும்னா வந்து பாருங்க. யாராவது வந்தா எனக்கும் சந்தோஷம்தான்."

பிரதிநிதியின் முகத்தில் ஈயாடவில்லை. எழுத்தரின் பேனா நின்றுவிட்டது. அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

இயக்குநர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "புரியுது மேடம். ஆனா ஒரு வீட்ட வெச்சு கெடுவ நிறுத்த முடியாது. கொறஞ்சது மூணு வீடு வேணும்னு விதி இருக்கு. புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள இன்னும் ரெண்டு கொண்டாங்க, நிறுத்தி வெச்சிட்டு மறு பரிசோதனை கேக்கறேன். இல்லன்னா வியாழக்கிழமையோட தொண்ணூறு முடிஞ்சிடும்."

அன்று மதியம் யாரும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்கவில்லை. கூட்டத்துச் செய்தி அதற்குள் மேஜைக்கு வந்துவிட்டது. எல்லோரும் மழை வருமா வராதா என்று பேசினார்கள். கல்யாண வீட்டுக்காரர்கூடத் தன் கல்யாண வீட்டைப் பற்றி மூச்சு விடவில்லை, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். பொய்யாவது வாரத்துக்கு ஒரு தடவை நாலு பேரை அவள் பக்கம் திரும்ப வைத்திருந்தது, இப்போது அதுவும் போயிற்று. அவள் டிபன் பாக்ஸைப் பாதியிலேயே மூடிவிட்டாள்.

தனியாக இருப்பவர்களைத் தேடிப் பிடிப்பது எப்படி? அவர்கள்தான் கண்ணில் படாதவர்கள் ஆயிற்றே. அன்று மாலை அவள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே ஒரு அம்மாள் தனியாக இருப்பது தெரியும், பெயர் தெரியாது. கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது.

"நீங்க யாரு?"

"எதிர்வீடுதாங்க. ஏழு வருஷமா இருக்கேன். ஒரு படிவம் நெரப்பணும்..."

"அதெல்லாம் வேணாம்மா. பையன் வந்ததும் கேட்டுச் சொல்றேன்," என்றாள் அந்த அம்மாள். பையன் எப்போது வருவான் என்று கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. இந்தப் பதில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த பதில்.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே கழிந்தது. புதன் காலை அவள் வந்து உட்கார்ந்தபோது மேஜைத் தட்டில் இரண்டு நேரக் குறிப்புகள் கிடந்தன. இயக்குநர் அறை முத்திரை குத்தி, பெயர் உறை பெறப்பட்டது என்று எழுதியிருந்தது.

ஒன்று கணினியில் அடித்தது. ஐம்பத்தெட்டு மணி நேரம். 'வந்தவர்: இல்லை.' அது யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை. அந்த மாடியில் பதினேழு பேர். ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள், எல்லோருமே ஞாயிற்றுக்கிழமைக் கதை வைத்திருப்பவர்கள்தான்.

இன்னொன்று கையால் எழுதியது. எழுத்தைப் பார்த்ததுமே அவளுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு கோப்பின் முதுகிலும் பார்க்கும் எழுத்து. 7 என்ற எண்ணின் நடுவே குறுக்குக் கோடு போட்டு எழுதும் பழக்கம் அந்த மாடியில் ஒரே ஒருவருக்குத்தான்.

'வெள்ளி மாலை 7 முதல் திங்கள் காலை 8 வரை. வீட்டில் இருப்பவர்: ஒருவர். வந்தவர்: இல்லை. ஞாயிறு மதியம்: வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டது, இருபது நிமிடம். ஜன்னல்: மூடியது. காரணம்: திறக்கத் தோன்றவில்லை.'

வாசற்படி மட்டும் உண்மை. அவள் அந்தத் தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, படிப்பதுபோல் கொஞ்ச நேரம் அழுதாள்.

மூன்று தாளையும் கோப்பில் கோத்துக் கொண்டுபோனாள். இயக்குநர் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். எண்பத்தொன்பதாம் நாள், மாலை நாலரைக்குக் கெடு நின்றது. மூடிய அறையில், மூன்று நாள், தனி ஆள் என்று வைத்துச் சோதித்து முடிவைக் கொண்டுவரும்வரை குப்பி கடைக்குப் போகக் கூடாது என்று கம்பெனிக்குக் கடிதம் போயிற்று. அட்டவணையில் பழைய மனிதருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி வந்தது. அதில் குடியிருப்பவருக்கு ஒரே அறைதான்.

அடுத்த திங்கட்கிழமை மதியம் டிபன் பாக்ஸ்கள் திறந்தன. மழைப் பேச்சு ஒரு சுற்று முடிந்தது. பிறகு யாரும் எதிர்பாராத நேரத்தில் எழுத்தர் தலையை நிமிர்த்தினார்.

"என்ன மேடம், ஞாயித்துக்கிழமை எப்படி? தங்கச்சி வீட்டுப் பட்டாளம் வந்துச்சா?"

மேஜையில் எல்லோர் கையும் அப்படியே நின்றது. கணினியில் அடித்த அந்த ஒருவரும் அதில் இருந்திருப்பார். அவள் எழுத்தரைப் பார்த்தாள். அவர் கண்ணில் கேலி இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"வராம இருப்பாங்களா அண்ணே?" என்றாள். "சோபா முழுக்க காபியக் கொட்டிட்டானுங்க. உங்க வீட்ல?"

"கேக்கணுமா? கல்யாண வீடுதான்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சத்தம் அடங்கியதும் அவள் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி குனிந்து கேட்டாள்.

"அவ்வளவு கூட்டத்துல காத்து வேணாமா? ஜன்னலத் தொறந்து வெச்சீங்களா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினார். "தொறந்தேன். நீங்க?"

"என்னுது ஆணி அடிச்சது அண்ணே. புடுங்கணும், ஆள் இல்ல."

"என்கிட்ட குறடு இருக்கு," என்றார் அவர். டிபன் பாக்ஸை மூடினார். பிறகு அவர், "ஞாயித்துக்கிழமை கொண்டாரட்டுமா?" என்று கேட்டார்.