சுத்தமாய்க் கொடுத்த குப்பி

தையற்கூடத்தில் அவளுக்குப் பளிங்கு என்று பெயர். பெற்றோர் இட்ட பெயரை மேற்பார்வையாளரே மறந்துவிட்டார். தையல் இயந்திரத்தின் முன் அமருமுன் பலகையைத் துடைப்பாள். அமர்ந்தபின் ஊசியைத் துடைப்பாள். எழுந்தபின் நாற்காலியையும் துடைப்பாள். "உன்னைக் கட்டிக்கப்போறவன் பாவம்டி, குளிச்சே தேஞ்சுபோவான்" என்று உடன் தைப்பவர்கள் கேலி செய்வார்கள். "அவனைத் துவைச்சுக் காயப்போட்டுத்தான் வீட்டுக்குள்ளயே விடுவேன்" என்று அவளும் சளைக்காமல் விடையிறுப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு இருமல் வந்தது. வாரங்கள் கடந்தும் விட்டபாடில்லை. மாலைதோறும் உடல் சுட்டது. உடைகள் தளர்ந்தன. தன்னைப்பற்றி அவள் கவலைப்படவில்லை. ஆனால் தங்கையும் தங்கையின் கைக்குழந்தையும் அவளோடு ஒரே அறையில் வசித்தனர். பெரியம்மாவின் மார்பின்மேல் கிடந்தாலன்றிக் குழந்தைக்கு உறக்கம் வராது.

அந்நாளில் சுகாதார நிலையத்துக்குப் புதிய கருவி ஒன்று வந்திருந்தது. காசநோய்க் கிருமி இருக்கிறதா என்பதைச் சில மணி நேரத்தில் அது சொல்லிவிடும். தையற்கூடத்தார் அனைவரும் வரிசையில் நின்று, குப்பி வாங்கித் துப்பிச் சோதனைக்குக் கொடுத்தார்கள். பளிங்கின் கைப்பேசிக்குக் 'கிருமி இல்லை' என்று செய்தி வந்தது. தங்கை பெருமூச்சுவிட்டு, குழந்தையை மீண்டும் அக்காள் மார்பில் கிடத்தினாள்.

இருமல் மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் காலை கைக்குட்டையில் சிறியதோர் இரத்தப் பொட்டு தெரிந்தது. பளிங்கு அதை மடித்து வைத்துக்கொண்டு நேரே சுகாதார நிலையத்துக்குச் சென்றாள்.

மருத்துவர் அம்மையார் அவள் முதுகில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு பரிசோதனைக்கூடப் பணியாளரை அழைத்து வைத்துக்கொண்டு அவளிடம் கேட்டார்.

"போன தடவை எப்படிம்மா குடுத்தீங்க? முதல்ல இருந்து சொல்லுங்க."

"குப்பியைக் கையில குடுத்து, துப்பி எடுத்துட்டு வாங்கன்னாங்க டாக்டர். நேரா பாத்ரூம் போனேன். நல்லா இருமி, நெஞ்சுல இருந்த கசடையெல்லாம் தொட்டியில துப்பித் தண்ணி ஊத்திட்டேன். பல்லு விளக்கி, வாய் கொப்புளிச்சு, அப்புறம் சுத்தமாத் துப்பிக் குடுத்தேன்."

பணியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அடடா! சோத்தைக் கொட்டிட்டுத் தட்டைக் கழுவி நீட்டியிருக்கீங்களே தாயே!"

"நாலு பேர் கைமாறுற பொருள் சார். அழுக்காக் குடுக்கலாமா?"

"அந்த அழுக்குதான் எங்களுக்கு வேணும்!"

மருத்துவர் சிரிக்கவில்லை. "அவங்க மேல தப்பில்ல. துப்புங்கன்னோம், துப்பிட்டாங்க. எதை, எங்கிருந்துன்னு நாம சொல்லலையே. மெஷினுக்குக் குடுத்ததைத்தானே அது பார்க்கும்?"

பணியாளர் அவளைக் கட்டடத்தின் பின்புறத்துக்கு அழைத்துச் சென்றார். ஆளரவம் அற்ற, காற்றோட்டமான இடம். பத்தடி தள்ளி நின்றுகொண்டு, "நான் செய்றதைப் பாருங்க. மூச்சை ஆழமா இழுக்கணும். கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கணும். அப்புறம் தொண்டையில இருந்து இல்ல, நெஞ்சோட அடியில இருந்து..." என்று சொல்லி இருமிக் காட்டினார். மதிலின்மேல் இருந்த காகம் பறந்தது. காவலாளி ஓடிவந்து, "சார், தண்ணி கொண்டாரவா?" என்றார்.

பளிங்கிற்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலாயிற்று, இருமலோடு கெட்டியான சளியும் வந்தது.

"அதேதான்! மூடுங்க, மூடுங்க! கழுவ ஓடிடாதீங்க!"

அன்று பிற்பகலிலேயே முடிவு தெரிந்தது. மருத்துவர் சுற்றிவளைக்கவில்லை. "கிருமி இருக்கு. இது காசநோய். வழக்கமான மாத்திரைக்கே கட்டுப்படுற கிருமின்னும் மெஷின் சொல்லிடுச்சு. நடுவுல நிறுத்தாமச் சாப்பிட்டா முழுசாக் குணமாகும்."

"குழந்தை?" என்பதைத் தவிர வேறு எதையும் பளிங்கு கேட்கவில்லை.

தங்கை குழந்தையோடு வரவழைக்கப்பட்டாள். இருவருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள், சோதனைகள் செய்தார்கள். முடிவுகள் எல்லாம் வந்து சேரும்வரை பளிங்கு முகக்கவசத்தோடு வெளித்தாழ்வாரத்தின் மறுகோடியிலேயே அமர்ந்திருந்தாள். குழந்தை அவளைக் கண்டு கைநீட்டியபோதும் எழவில்லை.

மருத்துவரே வெளியே வந்தார். "ரெண்டு பேருக்கும் நோய் இல்ல. இனிமேலும் வராம இருக்கத் தடுப்பு மருந்து தர்றோம். சரியான நேரத்துல வந்தீங்கம்மா."

பளிங்கின் தோள்கள் குலுங்கின. அந்தக் கைக்குட்டையைத் தேடாமல், புறங்கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூரத்திலிருந்து தங்கை, "அழாதேக்கா! மாத்திரையையும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு முழுங்காதே, சொல்லிட்டேன்!" என்றாள். அப்படிச் சொன்னவளின் குரலும் உடைந்திருந்தது.

அதன்பின் மருத்துவர் தாழ்ந்த குரலில் பேசினார். "உங்க கூடத்துல 'இல்லை'ன்னு முடிவு வந்தவங்கள்ல இருமல் இருக்கிறவங்களை எல்லாம் திரும்பக் கூப்பிடணும். செய்தி மட்டும் அனுப்பினா வருவாங்களான்னு தெரியல. உங்க பேரைச் சொல்ல மாட்டோம், பயப்படாதீங்க."

இந்நோய் தனக்கு வந்தது தெரிந்தால் யார் யார் எப்படிப் பேசுவார்கள் என்பதைப் பளிங்கு அறிவாள். முதல்முறை சோதனைக்குக் கொடுத்த அன்று பாத்ரூமில் தனக்குப் பின்னால் குப்பியோடு நின்றவர்களையும் எண்ணிப் பார்த்தாள். வாய் கழுவாமல் இப்படியே கொடுப்பதா என்று தயங்கியவர்களுக்குத் தன் பற்பசையைப் பிதுக்கிக் கொடுத்தவள் அவள்தான்.

"என் பேரைச் சொல்லலாம் டாக்டர்" என்றாள். "எனக்கு இருக்கிறதையும், எப்படிக் குடுக்கணும்கிறதையும் நானே அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்றேன்."